பில்ட் மெஷின் பாத்துக்கிற வேலை: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

காரைக்குடியில நாங்க நாலஞ்சு பேரு சேந்து பேக்கேஜ்சோர்ஸ் (pkgsrc)ங்குற சாஃப்ட்வேர் தொகுப்புக்காக நெட்பிஎஸ்டி, லினக்ஸ், மேக்னு மூணு ஓஎஸ்லயும் பில்ட் (சோர்ஸ் கோட ஓடுற புரோகிராமா மாத்துறது) ஓட்டுற மெஷின்களப் பாத்துக்குறோம். இன்ஜினியரிங் காலேஜ் பசங்க, லீவுல ஊருக்கு வர்ற ஐடி ஆளுங்க, மெஷின் இருக்குற வீட்டு ஆச்சி வரைக்கும் எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய அதே கேள்விங்கதான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா அடுத்த தடவ லிங்க் அனுப்பிட்டு வேலையப் பாக்கலாம்னு தோணுச்சு. கேள்விய கேட்டவங்க வாயில வந்தபடியே போட்டிருக்கேன்.

அண்ணே, பேக்கேஜ் சிஸ்டம்னா ப்ளே ஸ்டோர் மாதிரிதானே?

இன்ஸ்டால் பண்றவங்க பக்கம் இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும், பேரச் சொன்னா வந்து உக்காந்துக்கும். ஆனா ப்ளே ஸ்டோர்ல ஆப் எழுதினவரே பில்ட் பண்ணி ஏத்திடுறாரு, இங்க எழுதினவரு சோர்ஸ் கோட மட்டும் விட்டுட்டுப் போயிருவாரு. அத எங்கேருந்து இறக்கணும், என்ன பேட்ச் (சின்னத் திருத்தம்) போடணும், எந்த லைப்ரரி (மத்த புரோகிராம் கடன் வாங்குற பொதுக் கோடு) முன்னாடியே இருக்கணும், எந்தெந்த ஃபைல் எங்க போய் உக்காரணும்னு ஒரு ரெசிபி எழுதி வைக்கிறது வேற ஆளுங்க. அந்த ரெசிபிங்க மொத்தமும் சேந்ததுதான் பேக்கேஜ் சிஸ்டம்.

பேக்கேஜ்சோர்ஸ் 1997ல ஃப்ரீபிஎஸ்டியோட போர்ட்ஸ்ங்குற தொகுப்புலேருந்து பிரிஞ்சு நெட்பிஎஸ்டிக்காக ஆரம்பிச்சது, அப்புறம் லினக்ஸ், மேக், சோலாரிஸ்னு பரவுச்சு. ஹோம்ப்ரூ 2009ல வந்தது, நிக்ஸ், கோண்டா ஃபோர்ஜ் இதெல்லாமும் இதே குடும்பந்தான், வேலை செய்ற விதம் மட்டும் வேற. கீழ நான் சொல்றதுல பெரும்பாலானது எல்லாத்துக்கும் பொருந்தும்.

ரெசிபி இருக்குன்னா அவங்கவங்க வீட்டுலயே கம்பைல் பண்ணிக்க வேண்டியதுதானே, உங்களுக்கு எதுக்கு தனியா மெஷின்?

பண்ணிக்கலாம், தடையே இல்ல. ஒரு சின்ன டூல்னா ரெண்டு நிமிஷம். ஆனா எல்எல்விஎம், க்யூட்டி வெப் இன்ஜின் மாதிரி ரொம்பப் பெரிய சாமான லேப்டாப்ல கம்பைல் போட்டுப் பாருங்க, அன்னிக்கு ராத்திரி அந்த லேப்டாப்பத் தொட முடியாது. அதனால நாங்க ஒரு தடவ பில்ட் பண்ணி பைனரியா (இறக்குனதும் ஓடுற ஃபைலா) வச்சுட்டா மத்தவங்க இறக்கிக்கிட்டா போதும்.

இது பாதிக் காரணந்தான். என்னைக் கேட்டா பில்ட் மெஷின்லேருந்து வெளிய வர்ற முக்கியமான சாமான் பைனரி கூட இல்ல, எது ஒடைஞ்சுருக்குன்னு சொல்ற ரிப்போர்ட்டுதான். ஒருத்தர் லினக்ஸ்ல உக்காந்து ஒரு லைப்ரரிய அப்டேட் பண்ணிருப்பாரு, அவருக்கு நல்லா ஓடும், அது மேக்ல ஒடைஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்? யூசர் சொல்லித் தெரியுறதுக்கு முன்னாடி மெஷின் சொல்லணும், அதுக்குத்தான் இத்தன மல்லுக்கட்டு.

ஒரு ஃபுல் பில்ட் விட்டா உள்ள என்னதான் நடக்குது?

முதல்ல ஸ்கேன். 20,000க்கும் மேல இருக்குற ரெசிபி ஒவ்வொண்ணையும் படிச்சு, எதுக்கு எது வேணும்னு ஒரு பெரிய வரைபடம் போட்டுக்கும். அப்புறம் யாரையும் நம்பாத பேக்கேஜ்லேருந்து ஆரம்பிச்சு மேல மேல போகும். பேக்கேஜ்சோர்ஸ்ல இதப் பண்றதுக்கு பிபல்க்னு ஒரு டூல், பல மெஷினுக்கு வேலையப் பிரிச்சுக் குடுக்கவும் அதுக்குத் தெரியும். கடைசியா ரிப்போர்ட், அதுக்கப்புறம் அப்லோட். லைசென்ஸ்ல பைனரியாக் குடுக்கக் கூடாதுன்னு இருக்குற பேக்கேஜ பில்ட் பண்ணாலும் ஏத்த மாட்டோம், "லிஸ்ட்ல இருக்கு ஆனா டவுன்லோட் இல்ல"ன்னு கேக்குறவங்களுக்கு அதான் பதில்.

ரிப்போர்ட்ல ஃபெயில்னு ஆயிரம் காட்டினா பதறாதீங்க. தானா ஒடைஞ்சது கொஞ்சமாத்தான் இருக்கும், மிச்சமெல்லாம் அது ஒடைஞ்சதால தொடக்கூட முடியாமப் போனது, அத இன்டைரக்ட் ஃபெயில்னு தனியாப் போட்டிருக்கும். அதிகமான பேக்கேஜ நிறுத்தி வச்சிருக்குறது எதுன்னு மேலேயே ஒரு பட்டியல் வரும். காலையில காபியோட நான் பாக்குறது அந்த ஒரு பட்டியலத்தான், அதுல தலையில இருக்குற மூணு நாலச் சரி பண்ணா அடுத்த ரன்ல பாதி தானா எழுந்து நிக்கும்.

ஏப்பா, ராத்திரி பகலா அந்தப் பெட்டி ஓடிக்கிட்டே கெடக்கே, கரண்டு பில்லு யாரு கட்டுறது?

இது ஆச்சி கேட்டது, நியாயமான கேள்வி. சராசரியா 100 வாட் இழுக்குற பெட்டின்னா நாளைக்கு 2.4 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 144 யூனிட் வருது ஆச்சி. வீட்டு இணைப்புக்குக் குடுக்குற ஃப்ரீ 100 யூனிட்ட இது ஒண்ணே தின்னுட்டு இன்னும் கேக்கும், வீட்டுச் செலவோட சேந்து 500 தாண்டிருச்சுன்னா ரேட்டே மாறிரும். அதான் தனியா ஒரு மீட்டர் மாட்டி, ஓடுனத எழுதி வச்சு, நாங்களே குடுத்துடுறோம்.

சரி, கரண்டு போனா? மாசாந்திர ஷட்டவுன்ல என்ன பண்ணுவீங்க?

அறிவிச்சுட்டு காலையிலேருந்து சாயங்காலம் வரை நிறுத்துறது பிரச்சனையே இல்ல, முந்தின நாளே பில்ட நிறுத்தி வச்சுருவோம். முடிஞ்ச பேக்கேஜ் டிஸ்க்ல இருக்கும், திரும்ப ஓட்டினா விட்ட இடத்துலேருந்து போகும். திடீர்னு போறதுதான் வினை. பாதி எழுதுன பேக்கேஜ் ஃபைல் ஒண்ணு முழுசா இருக்குற மாதிரி பேரோட நின்னுச்சுன்னா அத நம்பி அடுத்தடுத்து நூறு பேக்கேஜ் கெட்டுப் போகும். அதனால எந்த ஃபைலையும் தற்காலிகப் பேர்ல எழுதி முடிச்சு, டிஸ்க்குக்குப் போயிருச்சான்னு பாத்துட்டு, அப்புறந்தான் சரியான பேருக்கு மாத்தணும். யூபிஎஸ் மணிக்கணக்கா தாங்க வேண்டியதில்ல, ஒழுங்கா ஷட்டவுன் ஆகுற அளவுக்குத் தாங்கினா போதும், ஆனா அந்த யுஎஸ்பி கேபிள மெஷின்ல சொருகி சிக்னல் வருதான்னு பாத்துக்கங்க, நெறைய இடத்துல யூபிஎஸ் இருக்கும் கேபிள் டப்பாவுலயே கெடக்கும்.

வெயிலப் பத்தியும் கேப்பாங்க. ரெண்டாங்கட்டு அறை, கனமான சுண்ணாம்புச் சுவரு, ஆத்தங்குடிக் கல்லு, வெளிய கொளுத்துற அக்னி நட்சத்திரம் உள்ள தெரியாது. ஆனா அதே சுவரு மெஷின் கக்குற சூட்டையும் உள்ளயே வச்சுக்கும், ஜன்னலத் தொறந்து காத்துப் போற வழி பண்ணலேன்னா சிபியு தானா வேகத்தக் குறைச்சுக்கும்.

லினக்ஸ்ல ஜம்முனு பில்ட் ஆகுது, மேக்ல போட்டா ஊத்திக்குது. அதே கோடுதானே அண்ணே?

கோடு அதேதான், அதச் சுத்தி இருக்குறது வேற. அடிக்கடி மாட்டுறதச் சொல்றேன். ஷெல் ஸ்கிரிப்ட்ல ரெண்டு சரத்த ஒப்பிட ரெண்டு சமக்குறி போட்டிருப்பாங்க, பாஷ் ஏத்துக்கும், டாஷ் மாதிரி கறாரான ஷெல்லு ஏத்துக்காது, பேக்கேஜ்சோர்ஸ் இத பில்டுக்கு முன்னாடியே தேடிப் பிடிச்சு நிறுத்திரும். ஃபைல்ல எழுத்த மாத்துற sed கமாண்டுல, ஃபைல அங்கேயே மாத்துற ஆப்ஷன் லினக்ஸ்ல இருக்குற ஜிஎன்யூ வகையில ஒரு விதம், மேக்ல ஒரு விதம். மேக்ல ஃபைல் பேருக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் வழக்கமாக் கிடையாது, அதனால பெரிய எழுத்துல இன்ஸ்டால்னு ஒரு குறிப்பு ஃபைல் இருந்துச்சுன்னா, make install கமாண்ட அடிச்சதும் "அது ஏற்கெனவே இருக்கே"ன்னு சொல்லிட்டு ஒண்ணும் பண்ணாம முடிச்சுக்கும். முதல் தடவ பாக்குறவன் பைத்தியம் ஆகிருவான்.

அப்புறம் ஆப்பிள் பண்ணுற மாத்தம். மேக்ஓஎஸ் 10.14 மொஹாவேயிலேருந்து ஹெட்டர் ஃபைலெல்லாம் (லைப்ரரிய எப்படிக் கூப்பிடணும்னு கம்பைலருக்குச் சொல்றது) பழைய இடத்துல இல்ல, எஸ்டிகே (டெவலப்பர் டூல் தொகுப்பு) உள்ள போயிருச்சு. 2020ல வந்த பிக் சர்லேருந்து சிஸ்டம் லைப்ரரி ஃபைலே டிஸ்க்ல தனியாக் கிடையாது, மொத்தமா ஒரே கேஷுக்குள்ள. ஃபைல் இருக்கான்னு பாத்து முடிவு பண்ற பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டெல்லாம் (பில்டுக்கு முன்னாடி மெஷின்ல என்ன இருக்குன்னு தேடுறது) இல்லன்னு சொல்லிரும், லிங்க் பண்ணிப் பாத்தா இருக்கும். ஆப்பிள் சிலிக்கான் மெஷின்ல டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பைனரி ஓடவே ஓடாது, பில்ட் முடிஞ்ச பைனரிய எதையாவது வச்சு நோண்டிட்டா கையெழுத்து கெட்டு, ஓட்டுனதும் "கில்ட் 9"னு ஒரே வரியில செத்துரும்.

விண்டோஸுக்கு?

விண்டோஸ்ல யூனிக்ஸ் சூழல் தர்ற சிக்வின் வழியாப் போகும், டபிள்யூஎஸ்எல்னா (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுறது) அது லினக்ஸ் கணக்கு. நேரடி விண்டோஸ் வேணும்னா கோண்டா ஃபோர்ஜ், வீசிபிகேஜி பக்கம் போங்க. 260 எழுத்துக்கு மேல பாத் நீளக் கூடாதுங்குற பழைய கட்டு அங்க இன்னும் ஆளக் கொல்லும், அதனாலதான் அந்த ஆளுங்க பில்ட் ஃபோல்டருக்கு ரொம்பச் சின்னதாப் பேரு வைக்கிறாங்க.

சாண்ட்பாக்ஸ் சாண்ட்பாக்ஸ்ங்குறீங்க, நேரடியா மெஷின்லயே பில்ட் பண்ணா என்ன குடி முழுகிப் போகுது?

நம்ம பக்கம் நகரத்தார் வீட்டுல மகனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா வேறு வைப்பாங்க. அதே வளவுதான், ஆனா அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி, யாரு எவ்வளவு செலவழிச்சாங்கன்னு கணக்கு சுத்தமா இருக்கும். சாண்ட்பாக்ஸும் அதேதான், மெஷின் ஒண்ணு, ஒவ்வொரு பேக்கேஜும் தான் கேட்டு வாங்கினத மட்டும் வச்சு சமைக்கணும்.

அப்படி வைக்கலேன்னா நடக்குறது இதான்: கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் மெஷின்ல தற்செயலா ஒரு இமேஜ் லைப்ரரி கெடக்குறதப் பாத்துட்டு சத்தமில்லாம அதச் சேத்துக்கும், ரெசிபியில அது பேரே இருக்காது. எங்க மெஷின்ல ஓடும், இறக்கினவங்க மெஷின்ல லைப்ரரி காணோம்னு வந்து நிக்கும். பேக்கேஜ்சோர்ஸ் இதுக்கு பில்ட்லிங்க்3ன்னு ஒண்ணு வச்சிருக்கு, ரெசிபியில எழுதுன லைப்ரரியோட ஹெட்டரயும் லைப்ரரி ஃபைலையும் மட்டும் ஒரு ஃபோல்டர்ல இணைச்சுக் காட்டும், மத்தத கம்பைலர் கண்ணுக்கே காட்டாது. அதுக்கு மேல சாண்ட்பாக்ஸ். பில்ட் நடக்கும்போது நெட்டையும் துண்டிச்சுரணும், இல்லேன்னா சில சாஃப்ட்வேர் பாதியில போய் என்னத்தையோ இறக்கிட்டு வந்து சேத்துக்கும்.

16 கோர் இருக்கு, 16 ஜாப் விட்டேன், இன்டர்னல் கம்பைலர் எரர்னு வருது. கம்பைலர்லயே பக்கு (bug) இருக்கா?

பெரும்பாலும் இல்ல தம்பி. பெரிய சி++ ஃபைல் ஒண்ணுக்கே கம்பைலர் 1, 2 ஜிபி கேக்கும், 16 ஜாப்னா, அதாவது ஒரே நேரத்துல 16 கம்பைல்னா, கணக்குப் போட்டுக்க, ராம் தீந்ததும் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையம்) ஒருத்தனக் கொல்லும், அது கம்பைலர் பக்கு மாதிரி தெரியும். கெர்னல் லாகப் பாரு. அங்க ஒண்ணும் இல்லாம, ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைல்ல செத்தா ராம் ஸ்டிக்க சந்தேகப்படு, இல்ல சூட்ட. ஒரே ஃபைல்ல ஒரே வரியில செத்தாத்தான் கம்பைலர் மேல பழியப் போடணும்.

இன்னொண்ணு, சில சாஃப்ட்வேரோட மேக்ஃபைல்ல (Makefile, பில்ட் படியெல்லாம் எழுதியிருக்குற ஃபைல்) வரிசை சரியா எழுதாததால ஒரே நேரத்துல பல ஜாப் விட்டா சில சமயம் மட்டும் ஒடையும். அதுக்கு ரெசிபியில ஒரே ஜாப்னு எழுதி வச்சுரலாம், மெதுவாப் போகும், ஆனா தூங்கலாம்.

புது உபுண்டு போட்டா வேகமா இருக்குமே, ஏன் இன்னும் பழைய லினக்ஸக் கட்டிக்கிட்டு அழறீங்க?

ஜிலிப்சிக்காக (glibc), லினக்ஸ்ல ஏறக்குறைய எல்லா புரோகிராமும் நம்பியிருக்குற அடிப்படை லைப்ரரி அது. பழைய ஜிலிப்சியில பில்ட் பண்ணது புதுசுல ஓடும், புதுசுல பண்ணது பழசுல ஓடாது, அது ஒருவழிப் பாதை. உபுண்டு 22.04ல இருக்குறது 2.35, அதுல பில்ட் பண்ணத 2.28 இருக்குற ரெட்ஹாட் 8ல போட்டா பல பைனரி ஸ்டார்ட் ஆகவே ஆகாது. அதனால யூசருங்க வச்சிருக்குறதுலயே ரொம்பப் பழசு எதுவோ அத சாண்ட்பாக்ஸுக்குள்ள வைக்கணும், வெளிய கெர்னல் புதுசா இருந்துட்டுப் போகட்டும்.

எப்பவும் பழசுலயே இருக்கவும் முடியாது. ரொம்ப நாள் எல்லாருக்கும் அடித்தளமா இருந்த சென்டோஸ் 7 அதோட 2.17 ஜிலிப்சியோட 2024 ஜூன் 30ல ஓய்ஞ்சுது. பழசுல நிக்கிறதோட இன்னொரு வினை அடுத்த கேள்வியில வருது.

நேத்து பில்ட் ஆச்சு, இன்னிக்கு ஆகல. சத்தியமா நான் ஒண்ணுமே மாத்தல அண்ணே!

நம்புறேன், நீ மாத்தல, வெளிய எவனோ மாத்திருப்பான். 2023 ஜனவரி 30ல சோர்ஸ் கோடு வைக்கிற கிட்ஹப் சைட்டு தானா சுருக்கித் தர்ற டார் ஃபைலோட (சோர்ஸ மொத்தமாக் கட்டின மூட்டை) சுருக்குற முறை மாறுச்சு, உள்ள கோடு ஒரு எழுத்து மாறல, ஆனா செக்சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண், ஹாஷ்னும் சொல்லுவாங்க) மாறிருச்சு. உலகம் பூரா பில்ட் நின்னுச்சு, அப்புறம் அவங்களே திருப்பிப் போட்டாங்க. நம்ம டிஸ்ட்இன்ஃபோ ஃபைல்ல ஒவ்வொரு டார் ஃபைலுக்கும் ஹாஷ் எழுதிருக்கும், பொருந்தலேன்னா நின்னுரும். நிக்கிறதுதான் சரி. உடனே புது ஹாஷப் போட்டுத் தாண்டிப் போறவங்களப் பாத்தா எனக்குக் கோவம் வரும், ரெண்டு டார் ஃபைலையும் விரிச்சு என்ன வித்தியாசம்னு பாத்துட்டு அப்புறம் மாத்தணும்.

2021 செப்டம்பர் 30ல வேற கூத்து. வெப்சைட்டுக்கு இலவச சான்றிதழ் குடுக்குற லெட்ஸ் என்க்ரிப்ட் பழசா நம்பிட்டு இருந்த ரூட் சான்றிதழ் (சைட்டு நெசமானதான்னு சரிபார்க்கிற அடிப்படை) ஒண்ணு காலாவதி ஆச்சு, பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 வச்சிருந்த மெஷினெல்லாம் நல்லாருக்குற சைட்டையும் நம்ப மாட்டேன்னு டவுன்லோட நிறுத்திருச்சு. மேல சொன்ன பழசுல நிக்கிற வினை இதான். இறக்குற வேலைய புது சிஸ்டத்துல பண்ணி, பழைய சாண்ட்பாக்ஸுக்கு ஃபைல மட்டும் உள்ள குடுத்தா இந்தத் தலைவலி இல்ல, நெட்டத் துண்டிக்கிறதும் அதோடவே முடிஞ்சுரும். இறக்குன டார் ஃபைல அழிக்காதீங்க, எழுதினவரோட சைட்டு ஒரு நாள் காணாமப் போகும்.

ஒரு லைப்ரரிய அப்டேட் பண்ணதுக்கு எதுக்கு எண்ணூறு பேக்கேஜ ரீபில்ட் பண்ணணும்?

அந்த லைப்ரரியோட பைனரி இடைமுகம் (மத்த புரோகிராம் அதக் கூப்பிடுற விதம்) மாறிருச்சுன்னா, அத நம்பி பில்ட் ஆன எல்லாமே பழைய பேரத் தேடிக்கிட்டு நிக்கும். அதனால நம்பியிருக்குற ஒவ்வொரு ரெசிபியிலயும் பேக்கேஜ் ரிவிஷன் நம்பர ஒண்ணு கூட்டுவோம், சாஃப்ட்வேர் அதே வெர்ஷன், பேக்கேஜ் புதுசு. கூட்ட மறந்தா யூசர் பக்கம் பாதி பழசு பாதி புதுசுன்னு கலந்து எதுவும் ஓடாது.

இந்த ஆட்டம் பிடிக்காதவங்களுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவ கிளை (ரெசிபித் தொகுப்போட தனிப் பிரதி) வெட்டுறது, வருசமும் க்யூ1, க்யூ2ன்னு பேரும் வச்சு. அதுல பாதுகாப்புத் திருத்தமும் ஒடைஞ்சத ஒட்டுறதும் மட்டும் போகும். சர்வருக்கு அதப் போடுங்க, மெயின் கிளைய எங்க கிட்ட விடுங்க.

ரஸ்ட பில்ட் பண்ண ரஸ்ட்டே வேணுமாமே, அப்ப முதல் ரஸ்ட்டு எங்கேருந்து வந்துச்சு?

ரஸ்ட் ஒரு புரோகிராமிங் மொழி. ஒரு புது ஓஎஸ்ஸுக்கு அதோட முதல் கம்பைலர வேற ஓஎஸ்லேருந்து கிராஸ் கம்பைல் பண்ணி (ஒரு மெஷின்ல இருந்துக்கிட்டே இன்னொரு வகை மெஷினுக்கு பில்ட் பண்ணி) கொண்டு வர்றதுதான். ஒவ்வொரு ரஸ்ட் வெர்ஷனும் அதுக்கு முந்தின வெர்ஷன வச்சு பில்ட் ஆகும், அதனால முதல் படியா ஒரு பூட்ஸ்ட்ராப் பைனரிய யாராவது பண்ணி வச்சு, அதோட ஹாஷயும் எழுதி வைக்கணும். கோ மொழி இதுல கொஞ்சம் கருணை காட்டுது, 1.4 வரைக்கும் கம்பைலர் சியில இருந்துச்சு, 2015ல வந்த 1.5லேருந்துதான் கோவுலயே எழுதுனாங்க, அதனால சி கம்பைலர் இருந்தா 1.4லேருந்து படிப்படியா ஏறி வந்துரலாம்.

புது ஆர்க்கிடெக்சருக்கு (சிபியு வகைக்கு) போறப்ப இது பெரிய வேலை. ரிஸ்க் ஃபைவ் மாதிரி புதுசுல, பழைய டார் ஃபைல்ல இருக்குற, மெஷின் வகையக் கண்டுபிடிக்கிற கான்ஃபிக் கெஸ் ஸ்கிரிப்ட் "இது என்ன மெஷினே தெரியலயே"ன்னு நின்னுரும், அதுக்குப் புது காப்பிய வச்சு மூடுனா பாதி பேக்கேஜ் ஓடிரும்.

மேக் மினி எதுக்கு வெலை குடுத்து வாங்கணும், லினக்ஸ் சர்வர்ல மேக்க விஎம்மா ஓட்டிட்டுப் போலாமே?

ஆப்பிள் லைசென்ஸ்ல ஆப்பிள் பெட்டியிலதான் ஓட்டலாம்னு இருக்கு, ஒரு பெட்டியில கூடுதலா ரெண்டு விஎம் (மெஷினுக்குள்ள ஓடுற மெஷின்) வரைக்கும் விடுவாங்க. பொதுவுல பைனரி குடுக்குற ஆளு அந்த லைசென்ஸ மீறிட்டு உக்காரக் கூடாதுங்குறது என் கட்சி.

பில்ட் மெஷின்ல எவனாவது பூந்துட்டா?

பூந்தா இறக்குற அத்தன பேருக்கும் போகும், அதனால கையெழுத்துப் போடுற சாவிய பில்ட் மெஷின்ல வைக்கவே கூடாது. பில்ட் பண்றது ஒரு மெஷின், அங்கேருந்து எடுத்து வந்து கையெழுத்துப் போடுறது வேற மெஷின், அதுல பில்ட் எதுவும் ஓடாது. ஒவ்வொரு கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் நம்ம மெஷின்ல ஓடுற ஒரு அந்நிய புரோகிராம்ங்குறத மறந்துட்டுத்தான் நெறையப் பேரு இந்த வேலையப் பண்றாங்க.

2024 மார்ச்ல வெளிய வந்த எக்ஸ்இசட் (xz)ங்குற, ஃபைல் சுருக்குற டூலோட விவகாரம் அப்படித்தான். 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் கள்ளக் கதவ ஓட்டி விடுற வரி ரிலீஸ் டார் ஃபைல்ல மட்டும் இருந்துச்சு, கோடு வரலாறு வைக்கிற git தொகுப்புல இல்ல, அதுவும் பில்ட் ஸ்கிரிப்டுக்குள்ள. அது 64 பிட் இன்டெல் லினக்ஸா, டெப் இல்லேன்னா ஆர்பிஎம் (லினக்ஸோட ரெண்டு பேக்கேஜ் வகை) பேக்கேஜா பில்ட் ஆகுதான்னு பாத்துட்டுத்தான் வேலையக் காட்டுச்சு, எங்கள மாதிரி பில்ட்ல சும்மா கெடந்துச்சு. எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேருந்து மெஷினுக்குள்ள நுழையுற வழி) லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு நோண்டுன ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டுங்குற டெவலப்பர்தான் பிடிச்சாரு.

அப்ப நீங்க குடுக்குற பைனரி அந்த சோர்ஸ்லேருந்துதான் வந்துச்சுன்னு நான் எப்படி நம்புறது?

நம்பாத, நீயே பில்ட் பண்ணி பைட்டுக்கு பைட்டு ஒத்துப் பாரு. ஆனா சும்மா பண்ணா ஒத்துப் போகாது, பில்ட் ஆன நேரம், ஃபோல்டர் பாத், டிஸ்க்லேருந்து ஃபைல் பேரு வர்ற வரிசை, லோக்கேல் (மொழி, நாடு அமைப்பு) எல்லாம் பைனரிக்குள்ள ஒட்டிக்கும். நேரத்துக்கு சோர்ஸ் டேட் எபாக்னு ஒரு வேரியபிள் உண்டு, அத செட் பண்ணா கம்பைலரு இன்னிக்குத் தேதிக்குப் பதிலா அதப் போடும். மத்ததுக்கு ஒண்ணொண்ணா பேட்ச். டெபியன் ஆளுங்க இதுல ரொம்ப தூரம் போயிட்டாங்க, பல ஓஎஸ்ல ஓடுற தொகுப்புல அந்த அளவுக்கு வரல, சில பேக்கேஜுக்கு ஒத்துப் போகும், எல்லாத்துக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.

நானும் சேரணும்னு இருக்கேன், எங்க ஆரம்பிக்க?

ரிப்போர்ட்ல நேரடியா ஃபெயில் ஆனது ஒண்ண எடுத்துக்க, பெரிசு வேண்டாம். லாகோட கடைசி வரியப் பாக்காத, அங்க make கமாண்டு "எரர் 1"னு புலம்பிட்டுப் போயிருக்கும், பல ஜாப் ஓடுறப்ப நெசமான காரணம் நூறு இருநூறு வரிக்கு மேல கெடக்கும், மேலேருந்து முதல் எரரத் தேடு. ஒரே ஜாப்ல திரும்ப ஓட்டிப் பாத்தா இன்னும் தெளிவா இருக்கும். சரி பண்ணதும் பேட்ச் ஃபைல் தலையில ஏன் இந்த மாத்தம், எந்த ஓஎஸ்க்குன்னு ரெண்டு வரி எழுது, அத அப்படியே சாஃப்ட்வேர் எழுதுனவருக்கும் அனுப்பு, அவரு சேத்துக்கிட்டா அடுத்த வெர்ஷன்ல அந்த பேட்ச அழிச்சுரலாம். லாகு புரியலேன்னா ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பாதீங்க, ஃபைல அனுப்புங்க.